மார்கழிக் கணக்கும் வைகாசி வெயிலும்

சரவணா,

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. உன் மாமா படிக்கட்டும், சித்தப்பா படிக்கட்டும், நம் சொந்தக்காரர்கள் வாட்சப் குரூப்பில் படம் பிடித்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான். உன்னைப் பற்றிய பொய்யை ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் உன் காதோடு சொன்னால் அது நியாயமாகாது. நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் கள்ளக்குறிச்சியிலிருந்து அம்மாவைப் பார்க்க வருகிறாய். என்னைப் பார்த்து "சாப்டீங்களா" என்று கேட்கிறாய். நான் "சாப்டேன்" என்கிறேன். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டேன் என்கிறது. கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் நின்று ஊர் உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்கிற மனுஷனுக்கு வந்த கதியைப் பார் என்று உன் அம்மா சிரிக்கிறாள். அவள் சிரிக்க ஆரம்பித்ததே இப்போதுதான், அதனால் நானும் பொறுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் அந்தக் கைக்கடிகாரத்தில்தான் ஆரம்பம். நான் ஒன்பதாவது படிக்கும்போது அரையாண்டு லீவில் சாரணர் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். மார்கழி மாசம், பனி விட்டதும் நல்ல வெயில். வாத்தியார் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திசை கண்டுபிடிக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். கடிகாரத்தைத் தட்டையாகப் பிடித்து, மணி காட்டும் சின்ன முள்ளைச் சூரியன் இருக்கிற பக்கம் திருப்ப வேண்டும். சின்ன முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுமத்தியில் ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொண்டால், அந்தக் கோடு போகிற பக்கம் தெற்கு. தெற்கே பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் கிழக்கு. அவ்வளவுதான் சங்கதி. செய்து பார்த்தோம், சரியாக இருந்தது. அன்றைக்கு என்னிடம் கடிகாரம் இல்லை, வாத்தியாருடையதை வாங்கித்தான் பார்த்தேன். பிற்பாடு என் கல்யாணத்துக்கு உன் தாத்தா வீட்டில் ஒரு கடிகாரம் போட்டார்கள். மற்ற மாப்பிள்ளைகள் அதில் மணி பார்த்தார்கள். நான் திசை பார்த்தேன்.

எத்தனை இடத்தில் அந்த வித்தையைக் காட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு கல்யாணத்தில் மணமேடை கிழக்கே பார்க்கவில்லை, கொஞ்சம் கோணல் என்று பந்தல்காரரிடம் கடிகாரத்தை நீட்டிக்கொண்டு சண்டைக்கே போய்விட்டேன். தை மாசக் கல்யாணம், அதனால் பிழைத்தேன். உனக்கு ஆறேழு வயசு இருக்கும்போது, ஒரு பொங்கல் லீவில் கோமுகி அணைக்கரையில் உன்னை நிற்க வைத்து இதைக் காட்டினேன். கண்ணை மூடச் சொல்லி உன்னை நாலு சுற்று சுற்றிவிட்டு, "இப்ப சொல்லு, நம்ம வூடு எந்தப் பக்கம்" என்று கேட்டேன். நீ முழித்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினேன். மரங்களுக்கு மேலே நம் தெருத் தண்ணீர் டேங்க் தெரிந்தது. நீ அதைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை. லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் எங்க அப்பாவுக்குத் தெரியாத வழியே கிடையாது என்று நீ சொன்னதாக உன் வாத்தியார் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் செய்த பல காரியங்களுக்கு அந்த ஒரு பார்வைதான் காரணம். அது என் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்றே இத்தனை வருஷமும் உன் எதிரில் எதுவும் தெரியாது என்று சொன்னதில்லை.

இனி மலைக்கு வருகிறேன். நடந்தது உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. களமருதூரில் நித்யாவை உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், ஆனியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று வாய் வார்த்தை ஆகியிருந்தது. நிச்சயத்துக்கு முன்னால் கல்வராயன் மலையில் இருக்கிற நம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும், பையனும் பெற்றவர்களும் மட்டுமே போக வேண்டும் என்பது நம் வகையறாவின் வழக்கம். அதனால் வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நாம் மூன்று பேரும் போனோம். மலை பஸ்ஸில் ஏறி இறங்கி, மேற்கே வெகுதூரம் நடந்துதான் கோயிலுக்குப் போனோம். பொங்கல் வைத்து முடித்துக் கிளம்பும்போதே உச்சி நெருங்கிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, காலையிலிருந்து விரதம் வேறு, கொஞ்சம் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டதோடு சரி. வந்த வழியே திரும்பிவிடலாம் என்று நீ சொன்னாய். எதற்கு அவ்வளவு சுற்று, என் அப்பா காலத்தில் கிழக்கே ஒரு குறுக்குப் பாதையில் இறங்குவோம், அதில் போனால் பாதி தூரம்தான் என்று நான் சொன்னேன். அந்தப் பாதையில் நான் கடைசியாக நடந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அதை மட்டும் உங்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச தூரத்திலேயே பாதை புதருக்குள் போய்ச் செத்துவிட்டது. சுற்றிலும் ஒரே மாதிரி மரங்கள். நீ செல்போனை எடுத்துப் பார்த்தாய். டவர் இல்லை, மேப் வெறும் சாம்பல் கட்டமாகத்தான் நின்றது. அப்போதும் நீ, வந்த சுவடு தெரிகிறது, திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. செல்போன் தோற்ற இடத்தில் என் கடிகாரம் ஜெயிக்கப்போகிறது என்ற குஷி அது. மணி பன்னிரண்டரை. சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் இருந்தது. அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் சாய்ந்தாற்போல் தெரிந்த பக்கம் முள்ளைத் திருப்பி, கோடு இழுத்து, இதுதான் தெற்கு, அப்படியென்றால் இதுதான் கிழக்கு என்று இடது கையை நீட்டினேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அணைக்கரையில் நீட்டினேனே, அதே மாதிரி. நீ அம்மாவின் கூடையை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தாய்.

நடந்தோம். நடந்துகொண்டே இருந்தோம். இறங்க வேண்டிய வழி ஏறிக்கொண்டே போனது. ஒரு மேடு ஏறினால் இறக்கம் வரும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன், நாலு மேடு ஏறியும் வரவில்லை. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. அம்மா அடிக்கடி உட்கார்ந்தாள். மூன்று மணி வாக்கில் நீ என் முன்னால் வந்து நின்றாய். "அப்பா, வெயிலு மூஞ்சிலயே அடிக்குதுப்பா. மத்தியானத்துக்கு மேல சூரியன் மேக்காலதான இருக்கும்? நாம மேக்கால போய்க்கினு இருக்கோம்" என்றாய். சின்னக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம் அது. எனக்கும் தெரிந்தது, சரவணா. முகம் எரிந்துகொண்டிருந்த எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் கணக்கு எப்படிப் பொய்யாகும் என்று மனசு அதையே பிடித்துக்கொண்டு தொங்கியது. அந்த நேரம் பார்த்து உன் அம்மாவும், "ஏங்க, அவன் சொல்றதத்தான் கேளுங்களேன்" என்றாள். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துவிட்டதாக எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்போது சொன்ன வார்த்தையை இங்கே மறுபடியும் எழுதுகிறேன், நான் சொன்னது எல்லோருக்கும் தெரியட்டும்: "காலேஜுக்குப் போயி பாதியில வழி தெரியாம திரும்பி வந்தவன்லாம் எனக்கு வழி சொல்ல வந்துட்டான்."

உன் முகம் வற்றிப்போய்விட்டது. நீ நகர்ந்து வழிவிட்டாய். நான் சூரியனைப் பார்த்துக்கொண்டே இன்னும் மேற்கே நடந்தேன்.

அம்மா விழுந்த சத்தம் எனக்கு முதலில் கேட்கவில்லை. அவ்வளவு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நீ அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை எடுத்து நாக்கில் தடவிக்கொண்டிருந்தாய். பொங்கலுக்கு உடைத்ததில் மீந்த வெல்லத்தை எதற்கும் இருக்கட்டும் என்று நீ எடுத்து வைத்திருக்கிறாய். அப்புறம் அவளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டாய். எங்கோ வண்டி ஹாரன் கேட்டது என்று சொல்லி அந்தப் பக்கம் நடந்தாய். என்னிடம் யோசனை கேட்கவில்லை. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்தேன். மண் ரோட்டில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த மினி லாரிக்காரர் அம்மாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டார், நாமிருவரும் பின்னால் பலாப்பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்தோம். வழி நெடுக நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதுவரை நான் சொன்னது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது நான் செய்ததுதான் கேவலம். உன் மாமா ஓடிவந்தான், கூடவே களமருதூர் சம்பந்தத்தைப் பேசி முடித்த பெரியவரும் வந்தார். மாமா என்னைப் பார்த்து, "இன்னா மாமா, வழி தெரிஞ்ச ஆளு நீங்க. நீங்க எப்படி வழி தப்புனீங்க?" என்று கேட்டான். அவன் குத்திக் கேட்கவில்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டான். வழி தெரிந்த ஆள் என்றானே, அந்தப் பட்டத்தைக் கழற்றிக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. "நான் எங்க தப்புனேன்? இவன்தான் குறுக்கு வழின்னு இட்டுக்கினு போனான்" என்று சொல்லிவிட்டேன். நீ அம்மாவுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வாசற்படியில் வந்து நின்றாய். உன் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தாய், மாமாவைப் பார்த்தாய், இளநீரை மேஜைமேல் வைத்தாய். "ஆமா மாமா" என்றுகூட நீ சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சொன்ன சொல்லுக்குக் கால் முளைத்தது. பெற்ற தாயை வெயிலில் அலையவிட்டானாம், செல்போனையே பார்த்துக்கொண்டு நடந்தானாம், அப்பன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லையாம் என்று ஆளுக்கு ஒரு பிடி சேர்த்தார்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். களமருதூரிலிருந்து, ஆனி போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் பெண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அந்த வீட்டில் கேட்டார்களாம். நீ டிராக்டர் கடையில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிக் கள்ளக்குறிச்சியிலேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டாய். நீ போன அன்றைக்கு உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நீங்க வழி தப்புனத நான் அன்னிக்கே மறந்துட்டேன். அத அவன் தலையில ஏத்தி வச்சிட்டீங்களே, அத எங்க போயி எறக்குவீங்க?"

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. கடிகாரம் சரிதான், நான்தான் அன்றைக்குச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நிரூபிக்கப் பார்த்தேன். ஆனி மாசம் ஒரு நாள் உச்சி வேளையில் நம் கரும்புக் கொல்லையின் வரப்பில் ஒரு கரும்பை நட்டுவைத்துப் பக்கத்தில் குந்தினேன். நிழல் துளியூண்டுதான் விழுந்தது, ஆனால் வாய்க்கால் பக்கம் விழுந்தது. நம் வாய்க்கால் கொல்லைக்குத் தெற்கே ஓடுகிறது. நிழல் தெற்கே விழுந்தால் சூரியன் எங்கே இருக்கிறது? வடக்கே. சித்திரை பிறந்து சில நாளிலிருந்து ஆடி முடிகிறவரைக்கும் நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. அந்த வித்தையோ சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கிற தூரத்துச் சீமைக்காரன் எழுதி வைத்தது. நம்மிடம் அது பனிக்காலத்தில் பலிக்கும். கோடையில் அப்படியே தலைகீழாகிவிடும், தெற்கு என்று காட்டுவது வடக்கு, கிழக்கு என்று காட்டுவது மேற்கு. உத்தராயணம் தட்சிணாயனம் என்று பஞ்சாங்கம் படிக்கிறவன், வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்று பயிர் செய்தவன், மார்கழியில் படித்த கணக்கை வைகாசியில் போட்டு உன் அம்மாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கொல்லைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். கண்ணில் கரும்புச் சோகை பட்டுவிட்டது என்று சொன்னேன். பார், அங்கேயும் ஒரு பொய்.

உன் படிப்பும் அதே கதைதான். என் கூடப் படித்தவன் ஒருவன் இன்ஜினியராகிக் காரில் வந்து இறங்கினான். அவன் காலத்துக் கணக்கை உன் காலத்தில் போட்டு, மெக்கானிக் வேலை கற்றுக்கொள்கிறேன் என்ற உன்னை அந்தக் காலேஜில் தள்ளினேன். அரியர் மேல் அரியர் விழுந்து நீ திரும்பி வந்தபோது, வழி தவறியவன் நீ என்று சொன்னேன். வழி காட்டியவன் யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்றைக்கு டிராக்டர் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறாய் என்று உன் முதலாளி சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கக்கூடாது. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து உன்னை அண்ணாந்து பார்க்கும். அப்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு, சரவணா. அதற்காகப் பிள்ளை உன்னை விட்டுவிட்டு ஓடிப்போய்விடாது. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், செய்து கெட்டவன் என்ற யோக்கியதைதான்.

நிழல் விஷயம் தெரிந்துவிட்டதால் என் பொய் நேராகிவிடாது. வழி தப்பியதற்குச் சூரியனைக் காரணம் சொல்லலாம், உன்மேல் பழி போட்டதற்கு எந்தச் சூரியன் காரணம்? ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள் என்று, முந்தாநாள் உன்னிடம் சொல்லாமல் களமருதூர் போனேன். டவுன் பஸ், அப்புறம் உளுந்தூர்பேட்டை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் வருகிறபோது இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். நித்யாவின் அப்பா நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தத்தைப் பேசிய பெரியவரையும் வரச்சொல்லி, அவர்கள் எல்லோரும் இருக்கும்போது, மலையில் நடந்ததையும் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். காலேஜ் பற்றி உன்னைச் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். பெண் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்றேன். கதவோரம் நின்ற நித்யாதான், "அத்தைக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள். அத்தனை பேரில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அவள் அப்பா ரொம்ப நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பழி ஏத்துக்கினு வாய மூடிக்கினு இருந்த புள்ளைக்குக் கண்ண மூடிக்கினு பொண்ணு குடுக்கலாம்ங்க. உங்க மேலதான் எங்களுக்கு நம்பிக்க கம்மியாயிடுச்சி. தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணமானதும் அவங்க ரெண்டு பேரும் டவுன்ல தனியா இருக்கட்டும். அதுக்குச் சம்மதம்னா ஆவணியிலயே வச்சிக்கலாம்."

நம் வீட்டை உனக்காக மாடி எடுத்துக் கட்டியவன் நான். உன் பிள்ளைகள் அந்த மாடிப்படியில் ஏறி இறங்குவதை மனசுக்குள் பார்த்துவிட்டவன். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை, சரவணா. சம்மதம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உன் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், எனக்கு ஒரு தோசை கூடுதலாகப் போட்டாள்.

கடிகாரம் இன்னும் கையில்தான் இருக்கிறது, மணி பார்க்க மட்டும். நீ கள்ளக்குறிச்சியில் நல்ல தண்ணீர் வருகிற இடமாகப் பார்த்து வீடு பிடி. குடி போனபிறகு, நீ கூப்பிட்டால் அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் வர வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று நீயே சொல். எனக்கு அந்த ஊர் தெரியாது.

உன் அப்பா